பதினொரு திறப்பு

கண்ணகை பகலில் தண்ணீர் குடிப்பதை எந்த வருடம் நிறுத்தினாள் என்று அவளுக்கே சரியாக நினைவில்லை. சந்தையில் கடை போட்ட முதல் மாதத்திலேயே இருக்கலாம் என்கிறாள். விடியுமுன் வீட்டில் ஒரு தேத்தண்ணி. அதன்பிறகு பின்நேரம் நாலரைக்குச் செங்கலடியில் பஸ்ஸால் இறங்கி, வீட்டுக்குப் போய், கிணற்றடியில் நின்றபடியே ஒரு செம்பு. இடையில் ஒரு சொட்டும் தொண்டையில் இறங்காது. சித்திரை வெயிலிலும் அப்படித்தான்.

அவள் இலைக்கறி விற்பவள். பொன்னாங்காணி, வல்லாரை, கங்குன், முருங்கையிலை. வந்தாறுமூலைப் பக்கத்துத் தோட்டங்களில் வாங்கி, இரண்டு உரப்பைகளில் அடைத்து, முதல் பஸ்ஸில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டு வருவாள். கீரை வாடக்கூடாது என்றால் அரைமணிக்கு ஒரு தடவை தண்ணீர் தெளிக்க வேண்டும். நாள் முழுக்க அவள் கை ஈரமாக இருக்கும். உதடு காய்ந்து வெடித்திருக்கும்.

எந்தச் சந்தை என்று நான் எழுதப்போவதில்லை. வாவிக்கரையில் இருக்கிற ஒரு சந்தை என்பது போதும். ஆறு வருடமாக நான் அவளிடம் வல்லாரை வாங்குகிறேன். இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "என்ட பேரப் போடுங்க, சந்தைட பேரப் போடாதீங்க. அந்தத் தம்பிக்குக் கரைச்சலாப் போயிரும்" என்றாள். சந்தை மேற்பார்வையாளரான அந்தத் தம்பியால் அவள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இது கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும்.

கண்ணகைக்கு வயது ஐம்பத்தொன்று. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. கணவர் தேவராசன் அரிசி ஆலையில் வேலை செய்தவர். உமித் தூசியில் நெஞ்சு பழுதாகி இழுப்பு வந்து வீட்டோடு இருந்துவிட்டார். அந்த மாதமே அவள் உரப்பையைத் தூக்கினாள். இரண்டு பெண்பிள்ளைகளையும் இலைக்கறி விற்றுத்தான் படிப்பித்தாள், கட்டியும் கொடுத்தாள். மூத்தவள் கல்குடாவில் இருக்கிறாள், இளையவள் ஊரிலேயே. சண்டைக்காரி என்று அவளை யாரும் சொன்னதில்லை. பஸ்ஸில் மிச்சக் காசு தராவிட்டாலும் பேசாமல் இறங்கிப் போகிறவள்தான்.

அந்தச் சந்தையில் கடை வைத்திருக்கும் பெண்கள் பதினொரு பேர். சந்தைக்குப் பின்னால் முன்பு கண்டல் பற்றை இருந்தது. வாவியோரமாக ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்கும். பெண்கள் இரண்டு பேராகப் போவார்கள். ஒருத்தி காவல் நிற்க மற்றவள் உள்ளே போய் வருவாள். பாம்புப் பயம் இருந்தது, வெட்கம் இருந்தது, ஆனாலும் ஒரு மறைப்பு இருந்தது. பிறகு கரையை அழகுபடுத்தினார்கள். பற்றையை வெட்டி, நடைபாதைக்குக் கல் பதித்து, உட்கார வாங்கு போட்டு, வரிசையாக மின்கம்பம் நட்டார்கள். பின்நேரங்களில் குடும்பங்கள் ஐஸ்கிறீமோடு வந்து உட்கார்ந்து வாவியைப் பார்க்கத் தொடங்கின. வடிவான இடம்தான். கண்ணகைக்கும் பிடித்துத்தான் இருந்தது. அந்தப் பதினொரு பேரும் இனி எங்கே போவார்கள் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. ஆண்களுக்கு அந்தக் கவலை வரவில்லை. மீன் பகுதிக்குப் பின்னால் அவர்களுக்கு ஒரு மதில் இருந்தது.

நாலு வருடங்களுக்கு முன் உள்ளூராட்சிச் சபை ஒரு மலசலகூடம் கட்டியது. வெள்ளை மாபிள், கூரையில் கறுப்புத் தண்ணீர்த் தாங்கி, பெண்களுக்கென்று தனிப்பக்கம், அதற்கு ஓர் இரும்புக் கதவு. கட்டி முடித்த அன்று அந்தக் கதவில் ஆமைப்பூட்டு ஒன்று தொங்கியது. மறுநாளும் தொங்கியது. மூன்று வருடமும் தொங்கியது. அந்தப் பூட்டின் திறப்பு சந்தை அலுவலகத்துச் சுவரில் ஆணியில் கிடந்தது. அலுவலகத்தில் வேலை செய்பவர்கள் மட்டும் எடுத்துப் போய்த் திறந்து, வேலை முடிந்ததும் பூட்டிக்கொண்டு வருவார்கள்.

பக்கத்துக் கடைக்காரி ஷாகிரா ஏறாவூரிலிருந்து வருபவள். குழந்தைகளின் ஆயத்த உடுப்பு விற்கிறாள். முப்பத்தைந்து வயது, வாய் கொஞ்சம் நீளம். அவளுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மைத்துனியின் வீடு இருந்தது. "ஒவ்வொரு நாளும் ஒருத்தர்ட வீட்டுக் கதவத் தட்டி, கக்கூசுக்குப் போகட்டா எண்டு கேக்க ஏலுமா அக்கா? மாசத்துல அந்த அஞ்சு நாளும் நான் கடைய மூடிப்போட்டு வீட்டிலதான் இரிக்கன்" என்பாள். கண்ணகை தலையை ஆட்டிவிட்டுக் கீரைக்குத் தண்ணீர் தெளிப்பாள்.

போன வருடம் மாசியில் கண்ணகைக்குக் காய்ச்சலும் அடிவயிற்றுக் குத்தும் வந்தது. ஒரு வருடத்துக்குள் அது மூன்றாவது தடவை. ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்த பெண் டொக்டர், சிறுநீர்ப் பாதையில் கிருமி, சிறுநீரகத்தில் கல்லும் விழத் தொடங்கியிருக்கிறது என்றார்.

"பகல்ல எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

"குடிக்கிறல்ல."

"ஏன்?"

"சந்தையில நிக்கன். குடிச்சா மறுகா எங்க போற டொக்டர்?"

டொக்டர் எழுதுவதை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "மருந்த நான் தருவன் அம்மா. தண்ணிய நீங்கதான் குடிக்கணும். இப்படியே போனா ஒரு நாளைக்கு மருந்தும் கேக்காது" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்ததாகக் கண்ணகை சொன்னாள். எத்தனை வருடமாக வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து இலைக்கறி விற்றிருக்கிறாள். யாருக்கும் தெரியக்கூடாது என்றுதானே. தெரிந்தால் யாருக்கு வெட்கம் என்று அவள் அன்றுவரை யோசிக்கவில்லை. தன்னாமுனையைப் பஸ் தாண்டும்போது கோபம் வந்தது. வீடு போய்ச் சேரும்வரை அது இறங்கவில்லை.

அடுத்த நாள் சந்தை அலுவலகத்துக்குப் போனாள். மேற்பார்வையாளர் வினோஜனுக்கு முப்பது வயதிருக்கும். நன்றாக அயன் பண்ணிய சேர்ட், மரியாதையான பேச்சு.

"அதுவா அக்கா? அது இன்னும் கையளிக்கப்படல்ல. கட்டின கொன்ட்ராக்காரர் வேலை முடிஞ்சது எண்டு ஒரு லெட்டர் தரணும். அதுக்குப் பிறகு சபை பாரமெடுக்கணும். அதுவரைக்கும் பொதுமக்களுக்குத் திறக்க எனக்கு அதிகாரமில்ல."

"உங்கட ஆக்கள் போறாங்களே தம்பி?"

"நாங்க ஒபிஸ் ஆக்கள் அக்கா."

"எங்களுக்கும் அதே வயிறுதான்."

வினோஜன் சிரித்துவிட்டுக் கோப்பைப் பிரித்துக்கொண்டார். எழுத்தில் கொடுத்தால் மேலே அனுப்பலாம் என்றார். ஷாகிராவின் எழுத்து அழகு. அவள் மனு எழுதினாள், பதினொரு பேரும் கையெழுத்து வைத்தார்கள். வெற்றிலை விற்கும் சீதேவிப்பிள்ளை பெருவிரலை வைத்தாள். மனுவில் சிவப்பு முத்திரை குத்தி ஓர் இலக்கமும் போட்டுக் கொடுத்தார்கள். நாலு மாதம் போனது. இலக்கத்தைச் சொல்லிக் கேட்கப் போன இரண்டு தடவையும், மேலே போயிருக்கிறது என்ற பதில்தான்.

ஐந்தாவது மாதம் கண்ணகை ஒரு பெரிய போத்தல் தண்ணீரோடு சந்தைக்கு வந்தாள். கீரைக்கு நடுவில் அதை நிறுத்தி, எல்லாரும் பார்க்கக் குடித்தாள். பத்து மணியளவில் எழுந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். உள்ளே கடை வாடகை கட்ட நாலைந்து ஆண்கள் நின்றார்கள்.

"தம்பி, திறப்புத் தாங்க. மூத்திரம் பெய்யப் போகணும்."

அங்கே நின்றவர்களில் ஒருவர் இருமினார். இன்னொருவர் வெளியே பார்த்தார். வினோஜனுக்குக் காது சிவந்துவிட்டது.

"அக்கா, நான் அண்டைக்கே சொன்னனே."

"அண்டைக்குச் சொன்னது அண்டைக்கு. இது இண்டைக்கு. தரமாட்டீங்க எண்டா இல்ல எண்டு என்ட முகத்தப் பாத்துச் சொல்லுங்க. நான் போறன்."

அவர் முகத்தைப் பார்க்காமல் இல்லை என்றார். அவள் போய்விட்டாள். பன்னிரண்டு மணிக்குத் திரும்பவும் வந்தாள். இரண்டு மணிக்கும் வந்தாள். அதே வார்த்தை, அதே குரல். சத்தம் போடவில்லை, திட்டவில்லை. இரண்டாம் நாள் ஷாகிராவும் கூடப் போனாள். வாய் நீளமான அவளே முதல் தடவை வாசலில் நின்று சொல்ல முடியாமல் திணறினாள். மூன்றாவது தடவைதான் சரளமாக வந்தது என்று பிறகு சொல்லிச் சிரித்தாள். அந்தக் கிழமை முடிவதற்குள் பதினொரு பேரும் போகத் தொடங்கினார்கள். காலையில் அலுவலகம் திறந்ததிலிருந்து மூடும்வரை யாராவது ஒருத்தி வாசலில் நின்று அதே வார்த்தையைச் சொன்னாள். வாடகை கட்ட வந்தவர்கள் வெளியே மரநிழலில் நின்று காத்திருந்தார்கள்.

சந்தையில் கதை பரவாமல் இருக்குமா. தேங்காய் விற்கிற ஒருவர்தான் அவளுக்குக் கக்கூஸ் கண்ணகை என்று பெயர் வைத்தார். அம்மனின் பெயரை வைத்துக்கொண்டு எதற்குச் சண்டை பிடிக்கிறாள் பார் என்று சிரித்தார்கள். பெயர் பஸ்ஸேறி அவளுக்கு முன்னால் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு பின்நேரம் தேவராசன் முற்றத்துக் கதிரையில் இருந்தபடி மெல்லக் கேட்டார்.

"ஊரெல்லாம் உன்னக் கக்கூஸ் கண்ணகை எண்டு சொல்றானுகளாம்."

"உங்களுக்கு வெக்கமா இரிக்கா?"

"கொஞ்சம்."

"எனக்கும் இருந்த. முடிஞ்சி போச்சு."

அடுத்த நாள் விடியற்காலையில் அவளுக்கு முன்னால் எழும்பி, இழுத்து இழுத்து மூச்சு வாங்கிக்கொண்டு போத்தலில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்.

வினோஜனும் பேசாமல் இருக்கவில்லை. அநாவசியமாக அலுவலகத்துக்குள் நுழைவது தடை என்று வாசலில் அறிவித்தல் ஒட்டினார். கடை அனுமதி வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிப்பது, அதை மறக்க வேண்டாம் என்று கண்ணகையிடம் தனியாகச் சொன்னார். சில நாட்கள் வெளிவேலை என்று அலுவலகத்தையே பூட்டிவிட்டுப் போனார். பெண்கள் களைத்துப்போனார்கள். இரண்டு பேர் கேட்கப் போவதை நிறுத்தினார்கள். இப்படியே தேய்ந்து நின்றுபோயிருக்கும். ஆனால் சீதேவிப்பிள்ளைக்கு அது நடந்தது.

சீதேவிப்பிள்ளைக்கு அறுபத்தெட்டு வயது. பிள்ளைகள் இல்லை, புருஷனும் இல்லை. நகரத்திலேயே ஓர் ஒற்றை அறையில் இருந்து வந்து வெற்றிலை விற்றுத் தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறவள். ஒரு சனிக்கிழமை, சந்தை நிறைந்திருந்த நேரம். வெற்றிலை எண்ணிக்கொண்டிருந்தவள் எழும்பப் பார்த்தாள், எழும்ப முடியவில்லை. சேலை நனைந்து, உட்கார்ந்திருந்த சாக்கும் நனைந்து, வெற்றிலைக் கூடைக்கடியால் ஓடியது. வாங்க நின்ற இரண்டு இளம் பெண்கள் விலகி நின்றார்கள். யாரோ மூக்கைப் பொத்தினார்கள். சீதேவிப்பிள்ளை வெற்றிலையை அப்படியே கூடைக்குள் அள்ளி, கூடையால் முன்பக்கத்தை மறைத்துக்கொண்டு நடந்து போய்விட்டாள்.

ஞாயிறும் வரவில்லை, திங்களும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை கண்ணகை வீட்டைத் தேடிப் போனாள். சீதேவிப்பிள்ளை கதவைப் பாதி திறந்து நின்றாள்.

"வெத்தில வாடிப் போச்சு. எறிஞ்சிட்டன்."

"நாளைக்கு வாங்க மாமி."

"வரமாட்டன் புள்ள. அவ்வளவு சனத்துக்கு முன்னால நான் இனி எந்த முகத்த வச்சிக்கிட்டு வாற?"

கண்ணகை வாசலில் நின்று கொஞ்ச நேரம் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு நேரே கடைத்தெருவுக்குப் போய் நல்ல கனமான ஆமைப்பூட்டு ஒன்று வாங்கினாள். பூட்டோடு மூன்று திறப்பு வந்தது. பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் திறப்பு வெட்டும் மெஷின் வைத்திருக்கும் பஸ்லானிடம் போனாள்.

"இதைப் போல எட்டு வெட்டித் தாங்க தம்பி."

"எட்டா?" பஸ்லான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். "என்னத்துக்கு அக்கா இவ்வளவு? பெரிய வீடா?"

"வீடில்ல. கக்கூஸ்."

"ஆ, நீங்கதானா அது?"

"ஓம், நான்தான்."

அவன் கையிலிருந்த வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு எட்டையும் வெட்டினான். ஒவ்வொன்றையும் பூட்டில் போட்டுத் திருப்பிப் பார்த்தான். ஒன்பதாவதாக இன்னொன்று வெட்டட்டுமா, உம்மா அந்தச் சந்தையடியில்தான் பஸ்ஸுக்கு நிற்பது என்றான்.

"வேணா. உங்கட உம்மா வந்தா என்னட்டக் கேக்கச் சொல்லுங்க. நான் திறந்து விடுவன்."

பின்நேரம் ஷாகிராவிடம் திறப்புக் கோர்வையைக் காட்டினாள். ஷாகிராவுக்குக் கண் விரிந்தது. சந்தை மூடின பிறகு, ஆளில்லாத நேரம் பார்த்துச் செய்வோம் என்றாள்.

"அதெல்லாம் வேணா. நாம களவெடுக்கப் போகல்ல. விடியட்டும், சனம் வரட்டும்."

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கண்ணகை இலைக்கறி நிறுக்கும் இரண்டு கிலோ இரும்புப் படிக்கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு மலசலகூடத்தடிக்கு நடந்தாள். பின்னால் ஒன்பது பெண்கள். சந்தை கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சை நிறுத்தியது. முதல் அடியில் பூட்டு ஆடியது. இரண்டாவது அடி கதவில் பட்டு இரும்புச் சத்தம் வாவிவரைக்கும் போனது. மூன்றாவது அடியில் கை வழுக்கிப் பெருவிரலில் தோல் உரிந்தது. அவள் படியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். ஆறாவது அடியில் பூட்டு வாயைத் திறந்தது.

உள்ளே தரையில் தூசியும், ஒரு மூலையில் செத்த பல்லியும் கிடந்தன. குழாயைத் திருகியதும் முதலில் காற்று வந்தது, பிறகு செம்மஞ்சளாகத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். ஷாகிரா விளக்குமாற்றோடு உள்ளே போனாள். கண்ணகை உடைந்த பூட்டைக் கடதாசியில் சுற்றி எடுத்துப் போய் வினோஜனின் மேசையில் வைத்தாள்.

"உங்கட பூட்டு. சபைட சாமான், நான் எடுக்கல்ல. உடைச்சதும் நான்தான், எழுதிக் கொள்ளுங்க. அங்க வேற பூட்டுப் போட்டிரிக்கன்."

அவர் அவளுடைய பெருவிரலைத்தான் பார்த்தார். இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. "அக்கா, நான் பொலிஸுக்கு அறிவிக்கணும். இல்லாட்டி என்ட வேல போயிரும்" என்றார்.

"அறிவிங்க தம்பி. நான் கடையிலதான் இரிப்பன்."

பதினொரு திறப்பில் பத்தை அங்கேயே பங்கிட்டார்கள். பதினோராவதை எடுத்துக்கொண்டு கண்ணகை சீதேவிப்பிள்ளையின் வீட்டுக்குப் போனாள். என்ன பேசினாள் என்று என்னிடம் சொல்லவில்லை. வியாழக்கிழமை சீதேவிப்பிள்ளை புது வெற்றிலையோடு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். திறப்பைத் தாலிக்கயிறு போல மஞ்சள் நூலில் கோர்த்துக் கழுத்தில் போட்டிருந்தாள்.

பொலிஸ் வந்தது. ஒரு சார்ஜன்ட், ஒரு பெண் கான்ஸ்டபிள். பொதுச் சொத்துக்குச் சேதம் என்று முறைப்பாடு. சார்ஜன்ட் விசாரித்துக்கொண்டிருக்கும்போது பெண் கான்ஸ்டபிள் இடத்தைப் பார்வையிட வேண்டும் என்று ஷாகிராவிடம் திறப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பார்வையிட்டு வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "நல்ல சுத்தமா வச்சிரிக்கீங்க" என்றாள். வாக்குமூலம் எழுதினார்கள். இது சபைக்கும் கடைக்காரருக்கும் உள்ள விஷயம், அங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சார்ஜன்ட் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை சபை மர்சூக்கை அனுப்பியது. மர்சூக் சபையின் குழாய் வேலைக்காரர், ஐம்பத்தைந்து வயது, பொறுமையான மனிதர். கையில் சங்கிலியும் புதுப் பூட்டும் வைத்திருந்தார். கதவடிக்குப் போனார். உள்ளேயிருந்து, "ஆள் இரிக்கு" என்று குரல் வந்தது. மரியாதையாகத் தள்ளி நின்றார். பத்து நிமிடத்தில் ஒருத்தி வெளியே வந்தாள். வரும்போதே இன்னொருத்தி உள்ளே போனாள். திரும்பவும், "ஆள் இரிக்கு." மர்சூக் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தார். ஆள் இருந்தது. ஜும்ஆவுக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்தார். ஆள் இருந்தது. மூன்று மணிக்குச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணகையின் கடைக்கு முன்னால் வந்து நின்றார்.

"தங்கச்சி, நான் போய் என்னண்டு சொல்ற?"

"நடந்தத அப்படியே சொல்லுங்க நானா. உள்ளுக்க ஆள் இரிக்கக்க பூட்ட ஏலா எண்டு."

அவர் சிரித்தார். ஒரு கட்டுப் பொன்னாங்காணியும் வாங்கிக்கொண்டு போனார். போகுமுன் தாங்கியின் மிதவையில் ஒழுக்கு இருப்பதைக் கண்டு அதையும் சரிபண்ணிவிட்டுத்தான் போனார்.

அடுத்த கிழமை விசாரணை. சபைச் செயலாளர் அருமைநாயகம் ஓய்வுபெற இன்னும் சில மாதங்களே இருந்தவர். நீண்ட மேசை, மின்விசிறி, ஓரத்தில் வினோஜன். கண்ணகை தனியாகத்தான் உள்ளே போனாள். மற்றவர்கள் வெளியே வாங்கில் இருந்தார்கள்.

"கதிரையில இருங்க. பூட்ட உடைச்சது நீங்கதானா?"

"ஓம் சேர்."

"முறைப்படி மனுக் குடுத்திருக்கலாமே?"

அவள் கைப்பையிலிருந்து முத்திரை குத்திய பிரதியை எடுத்து வைத்தாள். அவர் திகதியைப் பார்த்துவிட்டு வினோஜனைப் பார்த்தார். வினோஜன் மேசையைப் பார்த்தார்.

"சரி. மனு தாமதமாகினது எங்கட பிழை எண்டு வச்சிக்குவம். ஆனா ஒவ்வொருத்தரும் படியத் தூக்கிக்கிட்டு வந்து பூட்டு உடைக்கத் தொடங்கினா சபை நடத்த ஏலுமா? செஞ்சது பிழை, மன்னிக்கவும் எண்டு ஒரு கடிதம் தாங்க. இதோட முடிச்சிருவம்."

"உடைச்சது நான் எண்டு எழுதித் தாறன் சேர். பிழை எண்டு எழுத மாட்டன்."

"எழுதாட்டி உங்கட கடை அனுமதிய ஒரு மாசத்துக்கு நிப்பாட்ட வேண்டி வரும்."

ஒரு மாதம் என்பது அவளுக்குச் சின்ன விஷயமில்லை. தேவராசனின் மருந்து இருந்தது, சீட்டுக் கட்ட வேண்டியிருந்தது. பிறகு சொன்னாள்:

"நிப்பாட்டுங்க. கதவு திறந்து கிடந்தாப் போதும்."

அப்படித்தான் நடந்தது. ஒரு மாதம் அவளுடைய இடம் வெறுமையாகக் கிடந்தது. ஆனால் இலைக்கறி வந்தது. அவள் வழமை போல முதல் பஸ்ஸில் உரப்பையோடு வந்து இறங்குவாள். பத்துப் பெண்களும் பத்துப் பங்காகப் பிரித்துத் தங்கள் தங்கள் கடையில் வைத்து விற்றார்கள். ஷாகிராவின் கடையில் பூப்போட்ட குழந்தைச் சட்டைகளுக்குப் பக்கத்தில் கங்குன் கட்டுகள் தொங்கின. சட்டை ஈரமாகிறது என்று அவள் திட்டிக்கொண்டே தண்ணீர் தெளித்தாள். சீதேவிப்பிள்ளை வெற்றிலைக்கு அடியில் வல்லாரையை வைத்திருந்து, கேட்டவர்களுக்கு மட்டும் எடுத்துக் கொடுத்தாள். நானும் அந்த மாதம் அவளிடம்தான் வாங்கினேன். கண்ணகை நடைபாதை வாங்கில் உட்கார்ந்திருப்பாள். நடைபாதை எல்லாருக்கும் பொது. அங்கே உட்கார அனுமதி தேவையில்லை. வெளியூரிலிருந்து வந்த பெண்கள், பஸ்ஸுக்கு நிற்பவர்கள், பிள்ளைகளோடு தவிப்பவர்கள் யாராவது சுற்றுமுற்றும் பார்த்தால் எழும்பிப் போய்க் கதவைத் திறந்து விடுவாள். பஸ்லானின் உம்மா இரண்டு தடவை வந்தார்.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது, மூன்று வருடமாக வராத அந்தக் கொன்ட்ராக்காரரின் கடிதம் சபைக்கு வந்து சேர்ந்தது. யார் தேடி எடுத்தார்கள் என்று கேட்டேன். வினோஜன் தன் மோட்டார் சைக்கிளில் கொன்ட்ராக்காரரின் வீட்டுக்கு மூன்று தடவை போய், வாசலில் உட்கார்ந்திருந்து வாங்கி வந்தாராம். கண்ணகை அதைச் சொல்லும்போது முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. "அவனுக்கு எங்கட முகத்தப் பாத்து இல்ல எண்டு சொல்லிச் சொல்லிக் களைச்சிப் போச்சுது போல" என்றாள்.

அனுமதியைத் திரும்பப் பெற அவள் செயலாளரின் அறைக்குப் போக வேண்டியிருந்தது. அச்சடித்த படிவம் ஒன்று. கடைசி வரியில், இனிமேல் இவ்வாறான செயலில் ஈடுபடமாட்டேன் என உறுதியளிக்கிறேன் என்று இருந்தது. கண்ணகை பேனையை வாங்கினாள். முழுவதையும் எழுத்துக்கூட்டி வாசித்தாள். கடைசி வரியைக் குறுக்கே வெட்டினாள். அதற்குக் கீழே, எட்டாம் வகுப்பு எழுத்தில், "தேவைப்பட்டால் செய்வேன்" என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தாள்.

அருமைநாயகம் மூக்குக் கண்ணாடியைப் போட்டு அதைப் பார்த்தார்.

"இத நான் வாசிக்கல்ல" என்றார். பிறகு முத்திரையை எடுத்து, மையில் நன்றாக அழுத்தி, அவள் எழுதிய வரிக்கு மேலேயே குத்தினார்.

அவள் சந்தைக்குத் திரும்பி வந்தபோது அவளுடைய இடத்தில் ஒருவர் மாங்காய் பரப்பியிருந்தார். ஒரு மாதமாக வெறுமையாகக் கிடந்த இடம்தானே, இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றார். கண்ணகை படிவத்தைக் காட்டவில்லை. உரப்பை இரண்டையும் அவருடைய மாங்காய்க்குப் பக்கத்தில் இறக்கி வைத்து, இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நின்றாள். அவர் அவளைப் பார்த்தார். ஷாகிராவைப் பார்த்தார். வெற்றிலைக் கடையிலிருந்து எட்டிப் பார்த்த சீதேவிப்பிள்ளையையும் பார்த்தார். பிறகு குனிந்து மாங்காய்களைக் கூடைக்குள் பொறுக்கத் தொடங்கினார். கண்ணகையும் குந்தியிருந்து அவருக்குப் பொறுக்கிக் கொடுத்தாள்.